மாமியார் படத்துக்கு எந்த பல்பு?

சேக்காடு, ஆவடி
வெள்ளிக்கிழமை, மாலை 5 மணி

அன்பு மைத்துனன் கிருபாகரனுக்கு உன் அக்கா வீட்டுக்காரன் பரந்தாமன் எழுதுவது.

செய்தி முதலில், நலம் விசாரிப்பது பிறகு. இன்று காலை 10.20 நிலவரப்படி, சுவிட்சை அணைத்த பின்னும் உன் அம்மா படத்தின் முன்னால் விளக்கு எரிகிறது. தகவல் தந்தவர் உன் அக்கா தாட்சாயிணி. நானும் நேரில் பார்த்து உறுதி செய்துகொண்டேன். மங்கல்தான், ஆனால் எரிகிறது. எனவே உன் அம்மாவின் பட்டாபிராம் வீட்டை விற்கும் பத்திரத்தில் திங்கட்கிழமை கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இங்கே நான் சுமார். அவள் அதற்கும் கீழே. புனேயில் நீயும் லாவண்யாவும் குறையில்லாமல் இருக்க வேண்டும். போனில் சொன்னால் இந்தச் சின்ன வீட்டில் அவள் காதில் விழும் என்பதால், கையால் எழுதிப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வருஷத் திதி வரை படத்தின் முன் விளக்கு அணையக் கூடாது என்பது உங்கள் வீட்டு வழக்கம். எல்லாரையும் போல நானும் சிவப்பு ஜீரோ வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றை மாட்டினேன். பெயர்தான் ஜீரோ, இழுப்பது பதினைந்து வாட்ஸ். அந்தச் சூட்டில் படத்துக்குப் போட்ட பூமாலை ஒரே நாளில் கருகிவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். ஏழு மாதம் ஒழுங்காக எரிந்த பல்பு, வீட்டை வாங்கப்போகும் ஜெகதீஷ் டேப் வைத்து அளந்துவிட்டுப் போன அன்று அணைந்தது. புதிது மாட்டினேன். பத்திர நகல் வீட்டுக்கு வந்த அன்று அதுவும் போயிற்று. மூன்றாவது பல்பு, திங்கட்கிழமை நல்ல நாள் என்று நீ போன் செய்தாயே, அந்தப் போன் முடிந்து அரை மணி நேரத்தில் போயிற்று. சிவப்புப் பூச்சு அடித்த கண்ணாடி என்பதால், உள்ளே இழை அறுந்திருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. போன பல்புகளை எல்லாம் உன் அக்காவே என் கையிலிருந்து வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டாள்.

"அம்மாவுக்குப் புடிக்கலைங்க" என்றாள், மூன்று முறையும் அதே குரலில்.

எதிர் வீட்டுப் பார்வதம் ஒரு படி மேலே போனார். "ஒண்ணுன்னா பல்பு சரியில்லன்னு சொல்லலாம். மூணுன்னா அது பேச்சு, சார்" என்றார். முப்பத்து நான்கு வருடம் நிருபராக இருந்தவன் நான். மூன்று சம்பவங்களை வைத்துக்கொண்டு எத்தனையோ தலைப்புகள் போட்டிருக்கிறேன். எனவே அவருக்குப் பதில் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அணையாத பல்பாக ஒன்றை வாங்கிவிட்டால் பேச்சே எழாது என்று தோன்றியது. அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு கடையில் விசாரித்தேன். இழை வைத்த குண்டு பல்பு சூடேறித்தான் வெளிச்சம் தரும்; அந்தச் சூடே ஒருநாள் இழையை அறுக்கும். நியான் பல்பில் அறுந்துபோக இழையே இல்லை. வாயுதான் ஒளிரும், சூடு கிடையாது, மாலை கருகாது, வருஷக்கணக்கில் உழைக்கும். படிக்க வெளிச்சம் வேண்டுமென்றால் உதவாது, படத்துக்குப் போதும். கடைக்காரர் பரண்மேலிருந்து தூசி தட்டி, தீபம் போலத் துடிக்கும் ஆரஞ்சு நிற நியான் பல்பு ஒன்றைக் கொடுத்தார். "இத இப்ப யாரு சார் கேக்கறா? எல்லாரும் எல்.இ.டி.தான். ஆனா ஒண்ணு, நீங்க போனாலும் இது போவாது" என்றார். அதை வாழ்த்தாகவே எடுத்துக்கொண்டேன்.

நேற்று மாட்டினேன். இன்று வெள்ளிக்கிழமை, ஈரத் துணியால் படம் துடைக்கும் நாள். உன் அக்கா முதலில் எண்ணெய் விளக்கை ஏற்றிவைத்துவிட்டு சுவிட்சை அணைத்திருக்கிறாள். நியான் அணையவில்லை. ஒரு சத்தம் கேட்டு ஓடினேன். சுவரில் சாய்ந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "போகமாட்டேங்கறாங்க. பாருங்க, போகவேமாட்டேங்கறாங்க" என்றாள். அணைந்தால் கோபம், அணையாவிட்டால் பிடிவாதம் என்று ஆகிவிட்டது. எந்த பல்பு வாங்கினாலும் உன் அம்மா கட்சியில்தான் சேருகிறது.

மதியம் எலெக்ட்ரீஷியன் பச்சையப்பனை அழைத்துவந்தேன். போர்டைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஊடு கட்டும்போதே தப்பா குட்துக்கீறாங்க சார். சுவிட்சு லைன்ல இருக்கணும், நூட்ரல்ல மாட்டிக்கீது. நீ ஆஃப் பண்ணாலும் பல்பு வரைக்கும் கரண்ட் வந்து நிக்குது. செவுரு வேற ஓதம் ஏறி ஈரமா கீதா, அது வழியா கொஞ்சம் கசியுது."

"இத்தனை மாதம் சுவிட்சை அணைத்தால் குண்டு பல்பு எரியவில்லையே?"

"அதுக்கு சோறு வேணும் சார். நியானுக்கு வாசன போதும்."

இத்தனை வருடத்தில் இவ்வளவு தெளிவாக எனக்கு எந்த அதிகாரியும் விளக்கம் கொடுத்ததில்லை. அப்படியே உன் அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வாசனையா?" என்று மட்டும் கேட்டாள். மதியம் சாப்பிடவில்லை.

நாளை காலை ஒன்பது மணிக்குப் பச்சையப்பன் வயரை மாற்றிக் கொடுப்பார். சுவிட்சைத் தட்டினால் விளக்கு அணையும். அவளும் மனம் மாறுவாள், கையெழுத்தும் போடுவாள். ஜெகதீஷிடம் திங்கட்கிழமை தள்ளிப்போகாது என்று சொல்லிவிடு. லாவண்யாவுக்கு என் ஆசிகள். உனக்கு வேண்டியதெல்லாம் உன் அம்மா பார்த்துக்கொள்வார் என்று எழுத வந்தேன். இன்றைய நிலைமையில் அதை எழுதவில்லை.

இப்படிக்கு,
பரந்தாமன்

பி.கு. சனிக்கிழமை, காலை 11.15. மேலே உள்ளதை ஜெகதீஷிடம் சொல்லாதே. வயரை மாற்றியாயிற்று. சுவிட்சைத் தட்டினால் அணைகிறது. உன் அக்கா இரண்டு முறை போட்டு அணைத்துப் பார்த்தாள். பச்சையப்பன் போனதும் உள்ளே போய், பீரோவில் இருந்த புடவை மடிப்புக்குள்ளிருந்து மூன்று சிவப்பு பல்புகளை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.

"ஒண்ணும் ஃப்யூஸ் ஆகல. நான்தான் திருகி லூசா வெச்சேன். நேத்து அந்தப் புதுசையும் கழட்டத்தான் சுவிட்ச அணைச்சேன். அது அணையல. அப்பதான் எனக்கே நெஜமா பயம் வந்துடுச்சு."

மூன்றையும் மாட்டிப் பார்த்தேன். மூன்றும் எரிகின்றன.

"நேரா சொல்லக் கூடாதா?" என்றேன்.

"விக்கலாமான்னு யாரு கேட்டீங்க? என்னிக்குன்னுதானே கேட்டீங்க. ரெண்டு வருஷம் அம்மாவுக்கு அந்த ஊட்லதான் பீத்துணி அலசினேன். நான் வேணாம்னா கிருபா சண்டைக்கு வருவான். அம்மா வேணாம்னா வாய மூடிக்குவான்."

திங்கட்கிழமை பதிவு நடக்காது. தகவல் தந்தவர் உன் அக்கா. இம்முறை வேறு ஆதாரம் தேவையில்லை. நீ அவளிடம் பேசுவாயா, பேசினால் எதைக் கேட்பாய் என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை. நாளை மாலை ஆறு மணி வரை போனைக் கையிலேயே வைத்திருப்பதாகச் சொல்கிறாள்.