தொட்டியைத் தாண்டுறவரு

ஊருக்கெல்லாம் வேலி போட்டுட்டு, அந்த வேலியில தான் போக வர ஒரு சந்து வச்சுக்கிற மனுஷங்க ஒரு ரகம் உண்டு. உங்களுக்கும் தெரியும். அடுத்தவன் தும்மினா வியாதி, இவரு தும்மினா தூசி. அடுத்தவன் கை அழுக்குக் கை, இவரு கை உழைச்ச கை. கூட்டத்துக்கு நடுவுல நின்னுக்கிட்டு, "யாரும் கூட்டம் போடாதீங்க"ன்னு தொண்டை கிழியக் கத்துவாரு பாருங்க, அவரேதான்.

அந்த ரகத்துல நல்லா முத்தின ஒருத்தரைக் காட்டுறேன், வாங்க. செருப்பை வெளியிலயே விட்டுடுங்க. இல்லன்னா உள்ள விட மாட்டாரு.

பெரிய கோழிப் பண்ணையில வாசல் சூப்பர்வைசர். பேரு என்னத்துக்கு? முதுகுக்குப் பின்னாடி எல்லாரும் கூப்பிடுறது 'மருந்துத்தண்ணி'. பண்ணை வாசல்ல சிமென்ட்டுத் தொட்டி ஒண்ணு, அதுல கிருமி சாகுற மருந்து கலந்த தண்ணி. யாரு உள்ள போனாலும் ரெண்டு காலையும் பூட்ஸோட முக்கி எடுக்கணும். வெளியூர்க் கோழிச் சீக்கு ஒருத்தன் கால்ல ஒட்டிக்கிட்டு வந்தாப் போதும், கொட்டகை கொட்டகையா விழுந்துடும். நியாயமான சட்டம்தான். அதை அவரு காவல் காத்த அழகு இருக்கே, தீவனம் ஏத்திட்டு வர லாரி டிரைவரைக் கேளுங்க, கண்ணுல தண்ணி விட்டுடுவாரு.

"சார், இப்பத்தான உங்க கண்ணு முன்னாடி முக்கினேன்!"

"எடது கால் சரியா முங்கல. வெளிய போயி மறுபடி வா."

முதலாளியவே பளபளன்னு பாலிஷ் போட்ட பூட்ஸோட தொட்டியில இறக்கினவரு அவரு. சரி, அவரு? அவரு போகும்போது பேன்ட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, சாக்கடையைத் தாண்டுற மாதிரி ஒரே எட்டு. அந்தப் பக்கம் போயிடுவாரு. கேட்டா, "நான் காலையிலயே முக்கிட்டேன்ல!" மத்தவங்களுக்கு ஒரு தடவை முக்கினா ஒரு தடவைக்குத்தான். அவருக்கு மட்டும் அது பொழுது சாயுற வரைக்கும் தாங்கும்.

அப்படியாப்பட்டவருக்குப் பேத்தி பொறந்தா? கேக்கணுமா!

ஆஸ்பத்திரியில கண்ணாடிக்கு அந்தப் பக்கமாத்தான் பார்த்தாரு. மூடின கை ஒண்ணு, அதுல மிளகு மிளகா நகம். அதுக்கே மனுஷன் பண்ணை முழுக்கப் போயி, "என் மூக்கு, அப்படியே என் மூக்கு"ன்னு கோழிங்க கிட்டகூடச் சொல்லிட்டு வந்துட்டாரு. குழந்தையும் பொண்ணும் வீட்டுக்கு வர்றாங்கன்னதும் வாசல்ல ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதுல மருந்துத்தண்ணி, பக்கத்துல சோப்பு, கையில மருந்தடிக்கிற பம்ப்பு.

"எந்தப் பண்ணையிலயும் குஞ்சுக் கொட்டகைக்குத்தான்டி காவல் ஜாஸ்தி"ன்னாரு பொண்டாட்டிகிட்ட.

"பொறந்த பேத்தியைக் கோழிக்குஞ்சு ஆக்கிட்டீங்களே!"

குழந்தை வீட்டுக்கு வந்த அன்னிக்கு அவருக்குக் காலை டூட்டி. பூட்ஸைக்கூடக் கழட்டாம, முதல் தடவையாப் பேத்தியைக் கையில வாங்கப் போற அவசரத்துல, வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தாரு. அதே நேரத்துக்கு மாப்பிள்ளையோட அம்மாவும் வந்து சேர்ந்தாங்க, தானே பின்னின குட்டி ஸ்வெட்டரோட. விடுவாரா? கால் முக்கச் சொன்னாரு, முக்கினாங்க. கை கழுவச் சொன்னாரு, கழுவினாங்க. திருப்தியில்ல. தலையில இருந்து கால் வரைக்கும் பம்ப்பு அடிச்சாரு. மருந்து நேரா மூக்குல ஏறிச்சு. அந்தம்மா தும்மினாங்க.

"ஆ! தும்மிட்டீங்க சம்பந்தி. இன்னிக்கு உள்ள விடுறதுக்கில்ல."

"நீங்க மூஞ்சியில அடிச்சீங்க, அதான் தும்முறேன் சம்பந்தி!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க சம்பந்தி. என் சர்வீஸ்ல எத்தனை காரணம் கேட்டிருப்பேன்! ஜன்னல் வழியா பார்த்துட்டுப் போங்க."

அந்தம்மா ஜன்னலோரம் போயி நின்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. மருந்துக் காரம்னு அவரு முடிவு பண்ணிட்டாரு.

அப்புறம் என்ன செஞ்சாரு? பேன்ட்டைத் தூக்கினாரு. ஒரே எட்டு. ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு உள்ள போனாரு. அங்க வச்சு இருமல் வந்துச்சு பாருங்க.

ரொம்ப நாளா இருக்கிற இருமல்தான். ஆனா அது இருமல்னு ஒத்துக்க அவருக்கு மனசு வரல. ஒரு வாரம் அது தீவனத் தூசி, மறு வாரம் ஃபேன் காத்து, அதுக்கடுத்து பொண்டாட்டியோட தாளிப்பு. "டாக்டரைப் பாருங்களேன்"னு பொண்டாட்டி சொன்னா, "எனக்கா? என்னைப் பார்த்தா கிருமியே எழுந்து நின்னு வணக்கம் வைக்கும்"பாரு. வணக்கம் வச்சுட்டு அது உள்ளயே உக்காந்திருந்தது அவருக்கு எப்படித் தெரியும்? அன்னிக்கு நிக்காம இருமினாரு. மூஞ்சி சிவந்து, கண்ணு பிதுங்கி, கடைசியில மூச்சை இழுத்தப்ப ஒரு சத்தம், துருப்பிடிச்ச கேட்டைத் தொறக்கிற மாதிரி.

பொண்ணு குழந்தையை மாரோட அணைச்சுக்கிட்டு சுவத்தோரமா ஒதுங்கிட்டா.

"அப்பா, நில்லுங்க. கிட்ட வராதீங்க."

"என்னம்மா?"

"தொட்டியில காலை முக்கலியே."

"காலையிலயே முக்கிட்டேன்மா."

"இருமல்?"

"அது தூசிம்மா."

ஜன்னல்ல இருந்து சம்பந்தியம்மா குரல், சர்க்கரையில தோய்ச்ச மாதிரி: "எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க சம்பந்தி."

பொண்ணு சிரிக்கல. "இவளுக்கு ஒண்ணரை மாசத் தடுப்பூசிகூட இன்னும் போடலப்பா. டாக்டரைப் பார்த்துட்டு வாங்க. அதுவரைக்கும் நீங்க ஜன்னல்தான்."

ரோஷத்தோட போனாரு. 'தூசி'ன்னு டாக்டர் கையாலயே எழுதி வாங்கிட்டு வந்து மூஞ்சியில காட்டணும்னு போனாரு. டாக்டரம்மா இருமலைக் கேட்டாங்க, சோதிச்சுப் பார்த்தாங்க. கக்குவான் இருமல்.

"உங்களுக்கு இது தொல்லை, அவ்வளவுதான். பச்சைக் குழந்தைக்கு மூச்சே நின்னு போகலாம். தூக்கினீங்களா?"

அவருக்கு வாய் கோணிச்சு. "இல்லம்மா. என் பொண்ணு நில்லுங்கன்னுட்டா"ன்னாரு. சொல்லிட்டு, தானே நாற்காலியை டாக்டரம்மாகிட்ட இருந்து தள்ளிப் போட்டுக்கிட்டாரு.

மருந்து முடிஞ்சு டாக்டரம்மா சரின்னு சொல்ற வரைக்கும் மாடி ரூம்ல தனிப் படுக்கை, ஜன்னல்ல தரிசனம். உள்ள சம்பந்தியம்மா, அவரு மூக்கை, அவரே சத்தியம் பண்ணின அதே மூக்கை, மடியில போட்டுக் கொஞ்சுறாங்க. பேத்தி ஊருக்கே கேக்குற மாதிரி கொட்டாவி விடுறா. இவரு வெளிய மாஸ்க்கோட, வெயில்ல, கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கிட்டு நிக்கிறாரு. அப்பவும் வாய் சும்மா இருந்துச்சாங்கிறீங்க?

"சம்பந்தி, கை கழுவினீங்களா?"

பொண்ணு வந்து பம்ப்பையும் துணியையும் நீட்டினா. "கண்ணாடியைத் துடைங்கப்பா."

துடைச்சாரு.

இப்ப திருந்திட்டாரா? பேத்தியைத் தூக்க முழங்கை வரைக்கும் கழுவுறாரு, அது சத்தியம். பண்ணைத் தொட்டியிலயும் கால் முக்குறாரு. எடது கால். வலது காலுக்கு, "அதை அப்பவே முக்கிட்டேன்"னு போன வாரம் சொன்னதா லாரி டிரைவர் சொல்றாரு.

நல்லா சிரிங்க. 'எங்க மாமா அப்படியே இதுதான்', 'எங்க மேனேஜர் இவருதான்'னு ஆள் தேடிக்கிட்டே படிச்சிருப்பீங்க. படிங்க. ஆனா ஒண்ணு கேக்கணும். இந்தப் பக்கத்தைப் புரட்ட நாக்குல விரலைத் தொட்டீங்களே இப்ப, அந்தப் புஸ்தகத்தை அடுத்து யாருக்குக் கொடுக்கப் போறீங்க?

ஓ, உங்க எச்சில் சுத்தமாச்சே. மறந்துட்டேன்.