பயனர் வேளாங்கண்ணி

"பயனர்களை நேரில் சந்தித்துப் பேசிவிட்டீர்களா?" என்று ஏஐ கேட்டபோது, பிரிஜா கொஞ்சமும் யோசிக்காமல் "ஆமாம்" என்று தட்டினாள்.

பச்சைப் பொய். குழித்துறையில் தன் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, கடற்கரை ஊர்களில் மீன் விற்கிற பெண்கள் போனிலேயே லோடு ஆட்டோ கூப்பிடுவதற்கு ஒரு செயலியைத் திட்டமிட்டுக்கொண்டிருந்தாள். மீன் பாத்திரத்தோடு பஸ்ஸில் ஏறினால் மற்றவர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்ததுதான் அவளுடைய ஆராய்ச்சி மொத்தமும். இதற்காகக் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்திக்கொண்டிருந்த வேலையை விட்டிருந்தாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் மாமியார் பெருமையாக, "மருமவ ஆப்பு ரெடி பண்ணுகா" என்றாள். வந்தவர்கள் கவலையோடு, "ஆருக்கு?" என்று கேட்டார்கள்.

"அருமை! அவர்கள் உங்களிடம் சொன்னதைப் பகிருங்கள்" என்றது ஏஐ.

பிரிஜா நகத்தைக் கடித்தாள். பிறகு, "நீயே எழுது. உண்மை மாதிரி இருக்கணும்" என்று தட்டினாள்.

கண் மூடித் திறப்பதற்குள் ஒரு பெண் பிறந்து வந்தாள்.

"பெயர் வேளாங்கண்ணி. நடுத்தர வயது. ஊர் கடியப்பட்டணம். சாளையும் அயிலையும் விற்கிறார். கணவர் கடலுக்குப் போகிறார். பேருந்தில் தினமும் அவமானம். யாரிடமும் சொல்லாத ரகசியம்: கணவருக்குத் தெரியாமல் லோடு ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறார்."

படித்து முடித்தபோது பிரிஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கணவன் பிரைட்டனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"பாவம். இவியள நீ எப்போ பாத்தே?" என்றான் அவன்.

"போன வாரம்" என்றாள்.

கடியப்பட்டணம் மீனவப் பெண்கள் சங்கத்தின் தலைவி சகாயம், பிரிஜா செயலியைப் பற்றி விளக்குவதற்காக, கோயிலுக்குப் பக்கத்து ஹாலில் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்திருந்தாள். பெண்கள் நிறைய வந்திருந்தார்கள். சிலர் புருஷன்மாரையும் இழுத்து வந்திருந்தார்கள். திரையில் ஏஐ வரைந்த படம் விழுந்தது. பட்டுச் சேலையும் தலை நிறைய மல்லிகையுமாக ஒருத்தி சிரித்துக்கொண்டே மீன் விற்றாள்.

"இவ மீன் விக்கப் போறாளா, மீனுக்குக் கல்யாணமா?" என்று யாரோ கேட்க, ஹால் சிரித்தது. பிரிஜாவும் சிரித்துவிட்டு, வேளாங்கண்ணியின் கதையை உருக்கமாகப் படிக்க ஆரம்பித்தாள்.

ரகசியத்தைப் படித்து முடித்தாள். எல்லாத் தலைகளும் ஒரே பக்கமாகத் திரும்பியிருந்தன. அங்கே வாட்டசாட்டமான ஒரு பெண் மெல்ல எழுந்தாள்.

"ஏட்டி, நான் எப்போ ஒனக்கிட்ட இதெல்லாம் பறஞ்சேன்?"

பிரிஜா லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா... நீங்க ஆரு?"

"வேளாங்கண்ணி!" என்று ஹாலே சேர்ந்து பதில் சொன்னது.

அவளுக்குப் பக்கத்தில் அவளுடைய கணவர் சூசை, கைகளைக் கட்டிக்கொண்டு மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தபடி இருந்தார்.

"இது நீங்க இல்லக்கா. வேற வேளாங்கண்ணி."

"இந்தக் கரையில சாளை விக்கப் போற வேற வேளாங்கண்ணி எவ? கூட்டிட்டு வா பாப்போம்!"

"லைசென்சு எடுத்தாச்சா வேளா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "எங்களயும் ஏத்திட்டுப் போவியா?" என்றது இன்னொன்று.

பதற்றத்தில் பிரிஜா மேசைக்கடியில் போனை எடுத்து ஏஐயிடம் கேட்டாள். "தனியுரிமை மிக முக்கியம். பெயரை உடனே மாற்றிவிடுங்கள்" என்றது அது. மாற்று என்றாள். அது மாற்றியதைப் படித்துப் பார்க்காமல் அப்படியே திரையில் போட்டாள்.

வேளாங்கண்ணி இருந்த இடத்தில் 'சகாயம்' என்று வந்தது.

நாற்காலியில் இருந்த சங்கத் தலைவி துள்ளி எழுந்தாள். "இப்போ எனக்க பேரா? எனக்க மாப்பிள துபாயில டாக்சி ஓட்டுகாரு. நான் இஞ்ச ஆருக்குப் பயந்து ஒளிச்சு ஓட்டணும்? ஒன்னக் கூப்பிட்ட எனக்கு இதுதான் மரியாதையா மோளே?"

சொல்லிவிட்டு அவளே போய்ப் புரொஜெக்டரின் வயரைப் பிடுங்கினாள்.

அன்று பிரிஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் ஹாலில் திரும்பிய தலைகள்தான் தெரிந்தன.

"நேரா வீட்டுக்குப் போயி மன்னிப்பு கேளு" என்றான் பிரைட்டன். "அந்த எளவு மிஷின்கிட்ட மட்டும் கேக்காத."

கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் தானாக ஒரு வரி எழுத உட்கார்ந்தபோது, எழுதியதையெல்லாம் வெட்கத்தில் அழித்தாள். ஏஐ ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தது. ஒரு கேக்கும் வாங்கிக்கொண்டு வேளாங்கண்ணியின் வீட்டு வாசலில் போய் நின்று, படித்தாள்.

"தங்களுக்கு ஏற்பட்ட பேரிழப்பையும் ஆழ்ந்த வேதனையையும் முழுமையாக உணர்கிறேன். இந்தக் கடினமான தருணத்தில் தங்கள் குடும்பத்தாரோடு என்றும் துணை நிற்பேன்..."

அடுத்த வீட்டுக்காரி முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். "ஐயோ, ஆருக்கு என்ன ஆச்சு? சூசைக்கா?" அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் அழுதுகொண்டே வந்தார்கள்.

வேளாங்கண்ணி வெளியே வந்தாள். "இன்னும் ஆரும் சாவல்ல. இவ இங்க நிக்கது வரைக்கும் ஒண்ணும் உறுதியாச் சொல்ல முடியாது."

கேக்கை அவள் தொடவில்லை. பிரிஜா அதைத் தூக்கிக்கொண்டே திரும்பினாள்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சந்தையில் யாரோ வேளாங்கண்ணியின் மீன் பாத்திரத்தில், வண்டி பழகுகிறவர்கள் ஒட்டுகிற சிவப்பு 'எல்' எழுத்தை ஒட்டிவிட்டார்கள். சாளை வாங்க வந்தவர்கள் ஹாரன் சத்தம் கொடுத்துப் போனார்கள். யார் எதிரிலும் அழாதவள் பாத்திரத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து அழுதாள் என்று சகாயம் போனில் சொன்னாள்.

"ஞாயிறு பூசை முடிஞ்சு எல்லாரும் ஹாலில இருப்பாவ. வந்து உண்மையச் சொல்லு. ஒனக்க வாயால."

இந்த முறை பிரிஜா லேப்டாப்பை எடுத்துப் போகவில்லை. போனைப் பிரைட்டனிடம் கொடுத்துவிட்டாள். ஹாலின் நடுவில் வந்து நின்றாள்.

"அந்தக் கூட்டத்துக்கு மின்ன நான் இந்த ஊரில ஒருத்தரையும் வந்து பாக்கல்ல" என்றாள். "ஒங்ககிட்ட வந்து என்ன கேக்கணும்னு எனக்குத் தெரியல்ல. அதச் சொல்ல நாணம். அதனால மிஷின்கிட்ட கதை எழுதச் சொன்னேன். எழுதினதப் பாத்து அழுதேன். எனக்க வீட்டுலயும் பொய் சொன்னேன். வேளாங்கண்ணி அக்காவ அதுக்கு மின்ன நான் கண்டதே இல்ல. அவிய வண்டி ஓட்டப் படிக்காவன்னு சொன்னது முழுசும் கற்பனை."

தலையைத் தூக்க முடியவில்லை. தரையில் யாருடைய செருப்போ கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மிஷினுக்கு எங்க ஊரும் பேரும் எப்படித் தெரிஞ்சது?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"குத்துமதிப்பா எழுதிச்சு தாத்தா. எழுதினது அக்காவுக்க பேருலயே போய்ப் பட்டிருச்சு."

வேளாங்கண்ணி எழுந்தாள். பிரிஜா கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் அவள் கூட்டத்தைப் பார்த்துத்தான் கத்தினாள்.

"கேட்டியளா? கற்பனையாம்! இனி எவளாவது என்னப் பாத்து ஹாரன் அடிச்சா பாத்திரத்தால அடிப்பேன்." பிறகு பிரிஜாவின் பக்கம் திரும்பினாள். குரல் சட்டென்று இறங்கியிருந்தது. "அழாத பிள்ளே. போவட்டும். தெரியாமத்தானே செய்தே."

சகாயம் தொண்டையைக் கனைத்தாள். "வண்டி எங்களுக்கு வேணும். அது பொய்யில்ல. அடுத்த வாரம் வா. இனி கேக்கணும்னா எங்ககிட்ட கேளு."

யாரோ கட்டங்காப்பி கொண்டுவந்து நீட்டினார்கள். பிரிஜாவால் அதைக் குடிக்க முடியவில்லை. மன்னித்துவிட்டார்கள் என்பது திட்டு வாங்கியதைவிடக் கூசியது. சொல்லாமல் வெளியே வந்து ஸ்கூட்டரில் சாவியைப் போட்டாள்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் சூசை. இத்தனை கலவரத்திலும் ஒரு வார்த்தை பேசாத மனுஷன். இப்போதுதான் திட்டப்போகிறார் என்று பிரிஜா கையைக் கூப்பினாள்.

"அண்ணா, ஒங்களுக்கும் நாணக்கேடு ஆக்கிட்டேன். மன்னிச்சிருங்க."

சூசை ஹாலைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே வேளாங்கண்ணியின் சிரிப்பு எல்லார் சத்தத்துக்கும் மேலே கேட்டது. அவர் ஸ்கூட்டர் பக்கமாகக் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அது கெடக்கட்டும் மோளே. மயிலாடியில போயி அவ வண்டி படிக்கது எனக்கு முன்னயே தெரியும். எனக்குத் தெரியும்ங்கத மட்டும் அந்த மிஷின் அவகிட்ட பறஞ்சிராம பாத்துக்க."