மூன்றாம் மாடிக்கு மட்டும் மறையாத நிலா

"எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. அந்த ஒரு புகாரை மட்டும் மூடிடுங்க" என்றார் கோளரங்க இயக்குநர், தொலைபேசியில்.

"எந்தப் புகார் சார்?"

"'நிலா மறையவில்லை'ன்னு ஒருத்தர் எழுதியிருக்காரே, அது."

அவள் கைபேசியை இன்னொரு காதுக்கு மாற்றினாள். "சார், அது ஆறு மாசமா இருக்கு. அவர் ஏதோ..."

"ஏதோன்னு சொன்னா எங்க குழுத் தலைவர் ஒத்துக்க மாட்டார். பத்து நாள்ல கிரகணம். அன்னிக்குள்ள புகார் ஒண்ணுகூட இல்லாம இருந்தா, இனிமே வர்ற எல்லாக் கிரகணத்துக்கும் எங்க பெரிய திரையில உங்க 'நிழல்'தான். இருந்தா, பழைய அட்டவணையே போதும்னுட்டார்."

பகலில் அவளுக்கு லிஃப்ட் கம்பெனி ஒன்றில் மென்பொருள் எழுதும் வேலை. ஏறு, இறங்கு, கதவைத் திற, மூடு. இருபது வருடமாக இதையேதான் எழுதுகிறாள். மிச்ச நேரத்தில் அவள் எழுதியதுதான் 'நிழல்'. எந்த ஊரிலிருந்து பார்த்தால், எந்தக் கிரகணம், எத்தனை மணிக்கு, எவ்வளவு தெரியும் என்று சொல்லிவிடும். பன்னிரண்டு வருட உழைப்பு. அதன் நிரல் முழுவதையும் ஊரறிய விரித்து வைத்திருந்தாள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், அங்கேயே புகார் எழுதித் திட்டலாம். முதல் இரண்டைச் செய்பவர்கள் குறைவு.

கணினியைத் திறந்து அந்தப் புகாரை இன்னொரு முறை படித்தாள்.

"அம்மையீர், சென்ற சந்திர கிரகணத்தன்று தாங்கள் குறித்த நேரம் முழுவதும் என் ஜன்னலில் நிலாவைக் கண்கொட்டாமல் பார்த்தேன். எள்ளளவும் குறையவில்லை. மேலும், தங்கள் முகப்புப் பக்கத்தில் 'கிரகனம்' என்று இரண்டு சுழி போட்டிருக்கிறீர்கள். மூன்று சுழி வேண்டும். இப்படிக்கு, ஜன்னலோரம்."

சுழியை அன்றைக்கே சரிசெய்துவிட்டாள். புகாரையும் மூடினாள். மறுநாள் அவர் அதைத் திறந்துவிட்டார். "நிலா மறையாதபோது புகார் மட்டும் எப்படி மறையலாம்?"

"ஏங்க, இதைக் கேளுங்களேன்" என்று கணவனிடம் போனாள்.

அவள் கணவனுக்குப் பல் செட் செய்யும் தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை. மேசை முழுவதும் அடுத்தவர்களுடைய சிரிப்பு வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும்.

"யாரு, மூணு சுழிக்காரரா?" என்றான், ஒரு கடைவாய்ப் பல்லைத் தேய்த்தபடி.

"சூரிய கிரகணம்னா ஊருக்கு ஊர் மாறும், சரி. சந்திர கிரகணம் அப்படி இல்லீங்க. பூமியோட நிழல் நிலா மேலயே விழுது. அந்த நேரத்துல நிலாவைப் பாக்குற அத்தனை பேருக்கும் மறைஞ்சுதான் ஆகணும். இவர் ஒருத்தருக்கு மட்டும் எப்படி மறையாம இருக்கும்?"

"பொய் சொல்றாரோ?"

"ஒரு சுழிக்கு இவ்வளவு துடிக்கிறவர் பொய்யா சொல்வாரு?"

அதுதான் அவளைக் குடைந்தது. கோளரங்கம் இரண்டாம் பட்சமாகிவிட்டது. அவருக்கு எழுதினாள். எந்த ஊர், மேகம் இருந்ததா, எத்தனையாவது மாடி?

பதில் உடனே வந்தது. இதே ஊர்தான். மேகம் இல்லை. மூன்றாவது மாடி.

"மாடி!" என்று குதித்தாள். "நான் உயரத்தையே கணக்குல எடுக்கல!"

"மூணு மாடி உயரத்துல நிலா மாறிடுமா?"

"மாறாது. ஆனா வேற என்னதான் இருக்கு?"

அன்று மாலையே 'நிழல்' கேட்கும் கேள்விகளோடு 'உயரம்' என்று ஒரு கட்டத்தைச் சேர்த்தாள். அவ்வளவுதான், விடிந்தபோது புகார் ஆறாகியிருந்தது. உயரம் என்றால் எதன் உயரம் என்று அவள் எழுதவில்லை. ஒருவர் தன் உயரத்தைப் போட்டிருந்தார். ஒருவர் வீட்டுக் கதவின் உயரத்தை. இன்னொருவர் அவசரத்தில் கைபேசி எண்ணையே போட்டுவிட்டார். பத்து இலக்கம். 'நிழல்' அதை மீட்டராக எடுத்துக்கொண்டு மரியாதையாகவே பதில் சொல்லியிருந்தது: "தாங்கள் நிலாவைத் தாண்டி வெகுதூரம் சென்றுவிட்டீர்கள். கிரகணம் தெரிய வாய்ப்பில்லை."

"நல்ல பதில்தானே, இதுல என்ன தப்பு?" என்றான் கணவன்.

"கிண்டல் பண்ணாதீங்க."

உயரத்துக்கு ஒரு வரம்பு கட்டினாள். அலுவலகத்தில் லிஃப்ட் ஒன்று ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்ட நாள் அது. மேலாளர் ஒரு காதில் கத்த, இன்னொரு கையால் 'நிழல்' வேலையைச் செய்தாள். ஒரே ஒரு கழித்தல் குறி இடம் மாறி விழுந்தது. உலகத்தில் 'நிழல்' வைத்திருந்த அத்தனை பேரும் பூமிக்கு அடியில் போய்விட்டார்கள். "நிலா இப்போது உங்கள் காலடியில் இருக்கிறது" என்றது எல்லோரிடமும்.

புகார் பத்தொன்பது.

"இதுல ஒருத்தங்க மட்டும் நன்றி சொல்லியிருக்காங்க" என்றாள் சோர்வாக. "கவிதை ரொம்ப நல்லா இருக்காம்."

இனி ஒற்றைக் கையால் முடியாது என்று ஆமைக்கு எழுதினாள். ஆமை என்பது எங்கோ தொலைவில் இருக்கும் ஒரு தன்னார்வலர். முகம் பார்த்ததில்லை, ஆணா பெண்ணா என்றும் தெரியாது. கேட்டால் நாலு நாள் கழித்துத்தான் பதில் வரும், ஆனால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். இந்த முறை அவசரம் என்று எழுதிவிட்டாள். ஆமை பாவம், வாழ்க்கையில் முதல்முறையாக ஓடியது. அரை நாளில் எல்லாவற்றையும் திருத்தி அனுப்பியது. அதில் சூரியனும் சந்திரனும் இடம் மாறியிருந்தன.

பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்குச் சந்திர கிரகணம் என்றது 'நிழல்'. நாற்பத்தொரு புகார்.

இயக்குநர் கூப்பிட்டார். "ஏம்மா, ஒண்ணை மூடச் சொன்னேன். நீங்க நாப்பது சேர்த்திருக்கீங்க."

"சரி பண்ணிடறேன் சார்."

"அதைத்தாம்மா வேண்டாங்கறேன்! நீங்க சரி பண்ணப் பண்ணத்தான் ஏறுது!"

கிரகணத்துக்கு ஒரு நாள் முன்பு, தானும் ஆமையும் செய்த அத்தனை திருத்தங்களையும் அழித்துவிட்டுப் பத்து நாளுக்கு முந்தைய 'நிழலை' அப்படியே திரும்ப வைத்தாள். நாற்பது புகார்களும் ஒவ்வொன்றாக அடங்கின. ஒன்று மட்டும் குத்துக்கல்லாக நின்றது.

"நீயே மூடிடேன்" என்றான் கணவன்.

"புகார் சொன்னவர் வாயை அடைக்கிறதுக்குப் பேரு திருத்தமா? அவரா மூடணும்."

அவன் தேய்த்துக்கொண்டிருந்த செட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "எங்க தொழில்ல ஒண்ணு உண்டு. அச்சுல வெச்சா செட்டு கச்சிதமாப் பொருந்தும். ஆளு மாட்டினா பொருந்தலைம்பார். புதுசா வந்தவன் செட்டைத் தேய்ப்பான், தேய்ப்பான், செட்டே காணாமப் போற வரைக்கும் தேய்ப்பான். விஷயம் தெரிஞ்சவன் கையில இருக்கறதைக் கீழ வெச்சுட்டு, 'கொஞ்சம் ஆன்னு காட்டுங்க'ம்பான்."

அவள் அவனையே பார்த்தாள்.

"நீ இன்னும் வாயைப் பாக்கலம்மா."

ஜன்னலோரத்துக்கு எழுதினாள்: "நாளைக்குக் கிரகணத்தை உங்கள் ஜன்னலிலிருந்தே நானும் பார்க்கலாமா?"

"தாராளமாக. முகவரி கீழே. தங்கள் கடிதத்தில் பிழை ஏதுமில்லை."

மறுநாள் கணவனைக் கோளரங்கத்துக்கு அனுப்பினாள். "அங்க என்ன நடக்குதுன்னு நொடிக்கு நொடி சொல்லுங்க." அவள் தன் ஸ்கூட்டரில் கிளம்பினாள். நாலு தெரு தள்ளி ஒரு குறுகலான சந்து. இரு பக்கமும் உயரமான குடியிருப்புகள், நடுவில் வானம் ஒரு முழம்தான். எதிர்க் குடியிருப்பின் மொட்டை மாடியில் நாற்காலி இழுக்கும் சத்தமும் குழந்தைகளின் கூச்சலும் கேட்டன. லிஃப்ட் வேலை செய்யவில்லை. அவளுடைய கம்பெனி லிஃப்ட்தான். தலையைக் குனிந்துகொண்டு படியேறினாள்.

கதவைத் திறந்தவருக்கு எழுபது வயதிருக்கும். கண்ணாடியின் கனத்தில் மூக்கே சற்று இறங்கியிருந்தது.

"வாங்க, வாங்க. அச்சகத்துல நாப்பது வருஷம் பிழை திருத்தினவன். பொடி எழுத்து படிச்சுப் படிச்சுக் கண்ணு போச்சு. ஆனா பிழை இருந்தா தெரிஞ்சிடும்."

"ஆமாங்க, தெரியுது."

"ஏழு மணிக்கே வந்துடுச்சு பாருங்க."

ஜன்னலைக் காட்டினார். குளியலறைக்குப் போடுவார்களே, மேடு பள்ளமாகப் பூ வேலை செய்த கண்ணாடி, அது. அதன் பின்னால், எதிர்க் கட்டடத்தின் விளிம்புக்குச் சற்று மேலே, வெண்மஞ்சளாக, உருண்டையாக, பளபளவென்று இருந்தது.

அவள் மனதுக்குள் அவசரமாகக் கணக்குப் போட்டாள். கிழக்குப் பார்த்த ஜன்னல். எதிரே மூன்று மாடி, சந்தின் அகலம் இவ்வளவு. பௌர்ணமி நிலா அந்த விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்க்க ஏழு மணி ஆகும். சரியாக இருந்தது. கச்சிதமாக இருந்தது. அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"ஜன்னலைத் திறக்கலாமா?"

"எங்க! பெயின்ட் அடிச்சவன் சட்டத்தோட சேர்த்து அடிச்சுட்டான். நான் குடிவந்த எட்டு மாசமா இப்படித்தான் இருக்கு."

அவளும் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"மொட்டை மாடிக்குப் போனா?"

"முட்டிக்கு அது பிடிக்காது. உக்காருங்க. ஏழு பன்னெண்டுன்னு போட்டிருக்கீங்க. இன்னும் மூணு நிமிஷம்."

இருவரும் நாற்காலியைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக்கொண்டார்கள். அவர் கையில் நோட்டும் சிவப்புப் பேனாவும். அவள் கையில் கைபேசி. ஏழு பதினொன்று. பன்னிரண்டு.

கைபேசி அதிர்ந்தது.

"கடிச்சிடுச்சு!" என்று கத்தினான் கணவன். பின்னால் ஒரே கைதட்டல். "கீழ் இடது பக்கம், ஓரமா! நொடி பிசகல! இங்க எல்லாரும் எழுந்து நிக்கறாங்க!"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். நிலா முழுசாக இருந்தது.

"என்னங்க... நல்லாப் பாத்தீங்களா?"

"பல்லைப் பத்தி எனக்குத் தெரியாதா? அச்சுல எடுத்த மாதிரிக் கடி."

"எள்ளளவும் குறையல" என்றார் பெரியவர், நோட்டில் எழுதிக்கொண்டே.

ஏழு இருபது. முழுசாக இருந்தது. கணவன் மறுபடி கூப்பிட்டான். "ஒரு ஓரம் நல்லாவே போயிடுச்சு. ஆனா ஒரு சங்கடம். தலைவர் வானத்தையே பாக்கல, உன் பக்கத்தைத்தான் பாக்கறார். புகார் இன்னும் திறந்திருக்காம். ஏழரை வரைக்கும் பாப்பாராம்."

அவள் கண்ணாடியில் மூக்கு இடிக்கும்வரை நெருங்கிப் பார்த்தாள். இடது பக்கம், வலது பக்கம். பூ வேலைக்குள் நிலா ஆயிரம் துண்டாக மின்னியது. ஒரு துண்டுகூட இருளவில்லை. பன்னிரண்டு வருடம் படித்த வானம் திடீரென்று அவளுக்குத் தெரியாத மொழியில் பேசியது. பயமாக இருந்தது. அதைவிட, எப்படி என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

"ஐயா, அங்க மறையுது. இங்க மறையல. ரெண்டும் ஒரே ஊர்தான். இது மட்டும் நிஜமா இருந்தா..." அவர் பக்கம் திரும்பினாள். "இருந்தா, என் நிழலைத் தூக்கிப் போட்டுடலாம். பரவாயில்லை. உலகத்துல இருக்கற எல்லாப் புத்தகத்தையும் திருத்தணும்!"

பெரியவர் முகம் மலர்ந்தது. சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். "எல்லாப் புத்தகத்தையுமா? எப்ப ஆரம்பிக்கலாம்?"

அப்போது கதவு தட்டப்பட்டது. இரண்டு குடியிருப்புகளுக்கும் பொதுவான காவலாளி, படியேறிய மூச்சிரைப்போடு எட்டிப் பார்த்தான்.

"ஐயா, ஒண்ணுமில்ல, எதிர் மாடியில கிரகணம் பாக்கறவங்களுக்குக் கண்ணு கூசுதாம், அதனால அங்க தண்ணித் தொட்டி மேல இருக்கற உருண்டை லைட்டைக் கொஞ்ச நேரம் அணைக்கப் போறேன். உங்க ஜன்னல் திடீர்னு இருட்டாயிடும், பயந்துடாதீங்க."