நீலக் கழுத்து பாட்டில்

அல்சூர் பழம்பொருள் சேகரிப்போர் வட்டத்தில், எங்கும் எழுதி வைக்கப்படாத, ஆனால் எல்லோரும் கடைப்பிடிக்கிற விதி ஒன்று உண்டு. ஏலத்துக்கு வரும் பொருளைப் பற்றியோ, அது யாருடையது என்பதைப் பற்றியோ, மூன்றாம் தரம் சொல்லிச் சுத்தியல் விழும்வரை எவரும் வாய் திறக்கக் கூடாது. புகழ்ந்தால் விற்க வந்தவர் என்று பொருள். இகழ்ந்தால் வாங்க வந்தவர் என்று பொருள். ஆகவே, தமிழ்ச் சங்கத்தின் பின்தெருவில் ஒரு ஹோட்டலின் மாடியறையில் மாதந்தோறும் கூடுகிற அந்த நல்ல மனிதர்கள், கண்ணெதிரே மேசைமேல் இருக்கிற பொருளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றி வாய் ஓயாமல் பேசினார்கள். மெட்ரோவைப் பற்றிப் பேசினார்கள். மழையைப் பற்றியும், கீழே வெந்துகொண்டிருக்கிற இட்லியைப் பற்றியும் பேசினார்கள்.

அந்த விதியைத்தான் பாமா, சமையலறையில் காபி ஆற்றியபடி, தம் கணவருக்கு நினைவூட்டிக்கொண்டிருந்தார்.

"யார்கிட்டயும் மூச்சு விடப்படாது. ஏலம் முடியற வரைக்கும்."

"நான் என்ன சின்னக் குழந்தையா?" என்றார் சேஷகிரி.

"சர்வீஸ் பூரா கவர்மென்ட் விளம்பரத்த ஊர் ஊராப் போய் மைக்ல சொன்னவர் நீங்க. அதான் சொல்றேன்."

சேஷகிரிக்கு இதில் வருத்தம் ஏற்படவில்லை. அவருடைய மனம் வேறொன்றில் நிறைந்திருந்தது. பாமா அவரிடம் ஒரு ரகசியம் சொல்லியிருக்கிறார். திருமணமான நாளிலிருந்து இதுவே முதல் முறை. மகன் ஷ்ரேயாஸின் காதலைக்கூட எதிர்வீட்டுக்காரர் சொல்லித்தான் அவர் தெரிந்துகொண்டார். "உங்ககிட்ட சொன்னா லால்பாக்ல போஸ்டர் ஒட்டின மாதிரி" என்று அப்போது பாமா காரணம் சொன்னார். அப்படிப்பட்டவர் நேற்று மாலை, கதவைச் சாத்திவிட்டு, "உங்ககிட்ட மட்டும் சொல்றேன்" என்று தொடங்கியபோது சேஷகிரி தம் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ரகசியம் இதுதான்: பாமா தம் நீலக் கழுத்து பாட்டிலை விற்கப் போகிறார்.

கல்லூரியில் வேதியியல் கற்பித்த காலத்திலிருந்தே பாமாவுக்குக் கண்ணாடிமேல் ஒரு பித்து. கன்டோன்மென்ட் பகுதியின் பழைய கோலி சோடா பாட்டில்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர். அவற்றுள் தலையானது இது. கழுத்து மட்டும் நீலம். உடம்பில் சோடா கம்பெனியின் பெயர் தமிழிலும் கன்னடத்திலும் எழும்பி நிற்கும். இரண்டு மொழியும் ஒரே கண்ணாடியில் உள்ள வேறொரு பாட்டிலை வட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. இப்போது வைட்ஃபீல்டில் ஷ்ரேயாஸின் ஃபிளாட்டுக்குக் குடிபோக வேண்டியிருக்கிறது. அங்கே பாட்டில்களுக்கு இடமில்லை.

"போன தடவ பச்சை பாட்டிலுக்கு ஒருத்தர் மட்டும்தான் கைதூக்கினார். எதிர்க்கக் கை இல்ல. கொண்டுபோய் அதுல மணிபிளான்ட் வச்சிருக்கார்" என்றார் பாமா. "இதுக்கும் அந்தக் கதி வரப்படாது. அவ்ளோதான் எனக்கு."

"வராது. நான் இருக்கேன்" என்றார் சேஷகிரி, தம்மால் அதில் என்ன செய்ய முடியும் என்று தெரியாமலே.

"சரி, வாக்கிங் போய்ட்டு வாங்கோ. ஆண்ட்ரூ காத்துண்டிருப்பார்."

ஏரிக்கரை நடைபாதையில் ஆண்ட்ரூ காத்திருந்தார். பழைய ரேடியோக்களைப் பழுதுபார்ப்பவர். வட்டத்தின் மூத்த உறுப்பினர். சேஷகிரி உதடுகளை இறுக மூடிக்கொண்டு அவருடன் நடக்கத் தொடங்கினார். நடந்தார். நடந்துகொண்டே இருந்தார்.

"இன்னா சார், உடம்பு சரியில்லயா?" என்றார் ஆண்ட்ரூ.

"நன்னாத்தான் இருக்கேன்."

"மேடம்கூட சண்டையா?"

"சேச்சே."

"பாதி ஏரி சுத்தியாச்சு. கார்ப்பரேஷன திட்டல, மெட்ரோவ திட்டல. அப்டீன்னா மேடம் ஏதோ பெருசா ஏலத்துக்குக் கொண்டாறாங்க."

சேஷகிரி கல் தடுக்கியவர்போல் நின்றார். "நான் ஒண்ணுமே சொல்லலயே!"

"அதத்தான் சார் நானும் சொல்றேன். நீங்க ஒண்ணுமே சொல்லல."

காக்க வேண்டிய ரகசியத்தை மௌனமே காட்டிக்கொடுத்துவிட்டது என்றால், அதைப் பேச்சால் மூடுவதே முறை என்று சேஷகிரி முடிவு செய்தார். அவருடைய பணிக்காலம் முழுவதும் அவருக்குக் கற்பித்த வழி அது ஒன்றுதான்.

"பெரிசா ஒண்ணும் இல்ல ஆண்ட்ரூ. சாதாரண பாட்டில். அதுலயும் விரிசல்."

சொல்லும்போது அவர் ஆண்ட்ரூவின் முகத்தைப் பார்க்காமல், நீரில் முங்கிய ஒரு நீர்க்காகத்தைப் பார்த்தார்.

"ஐயோ பாவம். கழுத்துலயா விரிசல்?"

"ஆமாம், அந்த நீலம் முடியற எடத்துல."

ஆண்ட்ரூ தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவி மீண்டும் அணிந்தார்.

"நான் எதுவும் கேக்கல சார். நீங்க எதுவும் சொல்லல. ரூல்னா ரூல்தான்" என்று கூறிவிட்டு, அந்த வயதுக்குப் பொருந்தாத வேகத்தில் வீட்டை நோக்கி நடந்தார்.

மதியம் வனஜாவின் தொலைபேசி வந்தது. ஏலத்தில் எப்போதும் முதல் வரிசையில் அமர்ந்து, எதையும் வாங்காமல் எழுந்து போகிறவர் அவர்.

"சார், ஒண்ணும் விஷயமில்ல. ஆண்ட்ரூ காலைலேர்ந்து ரொம்ப குஷியா இருக்காரு. ஏன்னு நான் கேக்க மாட்டேன்."

"அவர் குஷிப்பட எதுவும் இல்லம்மா. அதுல விரிசல் இருக்கு."

"எதுல சார்?"

சேஷகிரி தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அது எந்த உதவியும் செய்யவில்லை. "எதுலயும் இல்ல. அதாவது, இருந்தாலும் சின்னதுதான். அந்த ரெண்டு பாஷைல பேர் போட்டிருக்கே, அதுக்குக் கொஞ்சம் மேல."

"ரெண்டு பாஷையா!" என்றது மறுமுனை. பிறகு தன்னைச் சுதாரித்துக்கொண்டு, "நான் எதையும் காதுல வாங்கல சார்" என்று துண்டித்துக்கொண்டது.

அன்று மாலையே வைட்ஃபீல்டிலிருந்து அஷ்வின் அழைத்தான். மென்பொருள் நிறுவனத்தில் வேலை; வட்டத்தில் பெயரளவு உறுப்பினன்; போக்குவரத்துக்கு அஞ்சி ஒரு கூட்டத்துக்கும் வராதவன்.

"அங்கிள், நான் எதப் பத்தியும் கேக்க கூப்பிடல. சண்டே ஹால்ல பார்க்கிங் இருக்குமா?"

அஷ்வின் வந்தால் அவனைப் போன்ற பலரும் வருவார்கள், ரகசியம் வெளியானது பாமாவுக்குத் தெரிந்துவிடும் என்பது சேஷகிரிக்குப் புரிந்தது. அவனைத் தடுக்க விரிசலே போதும். ஆனால் பாமாவின் பாட்டில்மீது மூன்றாவது ஆளிடமும் அபாண்டம் சுமத்த அவருக்கு மனம் வரவில்லை. அலமாரிக் கண்ணாடிக்குள் அது மாலை வெயிலில் நின்றது. அதன் கழுத்திலிருந்து ஒரு நீலத் துண்டு சுவரில் விழுந்து, பாமாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டின்மேல் அசைந்தது.

"பார்க்கிங் கெடைக்காது. நீ வராதே அஷ்வின். விரிசல்லாம் ஒண்ணும் கெடையாது, முழுசான பாட்டில். ஆனா உனக்குப் பிடிக்காது."

"விரிசல் இருக்குன்னு யாரு சொன்னா அங்கிள்?"

சேஷகிரி அழைப்பைத் துண்டித்துவிட்டு நாற்காலியில் அமர்ந்தார். தம் நிலை அவருக்கு இப்போதுதான் முழுமையாக விளங்கியது. இரண்டு பேரிடம் விரிசல் உண்டு என்று சொல்லியாயிற்று, ஒருவரிடம் இல்லை என்று. மூவரும் ஓரிடத்தில் சேர்ந்தால், பாமா வீட்டில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள் என்று ஆகும். பொய் சொல்லி விற்கிறவர் என்ற பெயர், வாழ்நாளெல்லாம் ஆய்வுக்கூட எடைத்தராசின் முன் நின்ற பாமாவுக்கு வரும். ஏலத்தில் ஒரு கையும் எழாது. நீலக் கழுத்தில் மணிபிளான்ட் முளைக்கும்.

அன்றிரவு உணவின்போது தொண்டையைச் செருமினார். "பாமா, ஒரு விஷயம் சொல்லணும்."

"ரசம் விட்டுக்கோங்கோ."

"அந்த பாட்டில் விஷயம்..."

"ஏலம் முடியட்டும். அப்பறம் பேசிக்கலாம்."

மறுநாள் தூறல். வெளியே போகாமல், யாரையும் பார்க்காமல் இருந்துவிடலாம் என்று அவர் போர்வைக்குள் சுருண்டபோது பாமா குடையோடு வந்து நின்றார். "நடக்காம இருந்தா முட்டி பிடிச்சுக்கும். போய்ட்டு வாங்கோ." சேஷகிரி ஏரியின் எதிர்ப்பக்கமாகச் சுற்றினார். அங்கும் வட்டத்தினர் இருவர் நின்று, எதையும் கேட்காமல், அவருடைய மௌனத்தைக் கவனமாகப் பார்த்தார்கள்.

"யாராவது வந்திருந்தாளா?" என்றார் பாமா, ஈரக்குடையை வாங்கிக்கொண்டு.

"எல்லாரும்" என்றார் சேஷகிரி, அழாத குறையாக. பாமா துண்டால் அவர் தலையைத் துவட்டிவிட்டார். அந்தப் பரிவை அவரால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாடியறை நிரம்பிப் படிக்கட்டில் வழிந்தது. கீழே ஹோட்டலில் சட்னி தீர்ந்துபோயிற்று. வழக்கமாகக் காலி நாற்காலிகளுக்கு நடுவே தன் பொருளைத் தொலைக்கிற அந்த ஏலத்தில், இன்று எள் விழ இடமில்லை. ஆனாலும் விதி மீறப்படவில்லை. ஒருவர்பின் ஒருவராக மேசைக்கு வந்து, பாட்டிலைத் தூக்கி, லென்ஸ் வைத்து, செல்போன் டார்ச் அடித்து, கழுத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆஹா, என்ன மழை" என்று பெருமூச்சு விட்டுப் போனார்கள். விரிசலைத் தேடுகிறார்கள் என்பது சேஷகிரிக்குத் தெரிந்தது. பாமாவின் எந்தப் பாட்டிலையும் இவர்கள் இவ்வளவு நேரம் கையில் வைத்திருந்ததில்லை என்பது மட்டும் அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

ஏலம் விடுபவர் நாகேஷ். மல்லேஸ்வரத்துக் கன்னடக்காரர், நல்ல தமிழ் பேசுவார். ஆனால் மேசையருகே நின்றுவிட்டால் தொகையையும் தரத்தையும் தவிர ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

ஆரம்ப விலையைச் சொன்னார். ஆண்ட்ரூவின் கை எழுந்தது. அஷ்வினின் கை எழுந்தது. எதையும் வாங்காத வனஜாவின் கை எழுந்து, தானே வியந்ததுபோல் அங்கேயே நின்றது. படிக்கட்டிலிருந்து முகம் தெரியாத கைகள் எழுந்தன. விலை ஏற ஏறச் சேஷகிரிக்கு வியர்த்தது. இவ்வளவு கொடுத்து வாங்குகிறவர் நாளைக்கு மற்றவரிடம் பேசுவாரே, இரண்டு கதைகளும் வெளியே வருமே! முன்வரிசையில் பாமா முதுகு நிமிர்த்தி அமர்ந்திருந்தார். ரகசியம் சொல்லத் தகுந்தவர் என்று தம்மை ஒரே ஒரு முறை நம்பிய அந்த முதுகை அவரால் பார்க்க முடியவில்லை.

"ஒரு தரம்" என்றார் நாகேஷ். கடைசிக் கை ஆண்ட்ரூவுடையது. "ரெண்டு தரம்..."

"நிறுத்துங்கோ!"

சேஷகிரி எழுந்து நின்றுவிட்டார். நாற்காலிகள் ஒருசேரத் திரும்பின.

"நாகேஷ், எனக்கு ஒண்ணு சொல்லணும். தப்பு என்னோடதுதான். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான்..." பாமா திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கண்கள் மட்டும் நனைந்திருந்தன.

நாகேஷ் அவரையும் பாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சுத்தியலை மேசைமேல் மெல்ல வைத்தார்.

"கூத்கொள்ளி... உக்காருங்க சார். இது பாமா மேடம் பாட்டில், எங்கயும் விரிசல் இல்ல. 'நான் சொன்னா விளம்பரம்னு சொல்லுவா நாகேஷ், எங்காத்துக்காரர்கிட்ட பேசப்படாதுன்னு மட்டும் சொல்லிடறேன், அவருக்குப் பொய் சொல்லவே வராது, எப்படியும் உளறிடுவார், ஊரே நம்பும்'னு மேடம் போன மாசமே என்கிட்ட சொல்லிட்டாங்க."