பிலோமின்ராஜ் யோசித்த இருபது நாள்

இந்த வருஷம் யோசித்தே தீருவது என்று பிலோமின்ராஜ் முடிவெடுத்தார். அது மட்டும் யோசிக்காமல் எடுத்த முடிவு.

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் பிலோமின்ராஜுக்கும் அவர் மனைவி விமலாராணிக்கும் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கிற பொம்மைகள்தான் தொழில். மாதா, சூசையப்பர், மூன்று ராஜாக்கள், மாடு, கழுதை, எண்ணி மாளாத ஆடுகள். அச்சில் கரைத்த மண்ணை ஊற்றுவது, பிரிப்பது, பிசிறு சுரண்டுவது, சூளைக்கு அனுப்புவது, வர்ணம் பூசுவது. இருபத்திரண்டு வருஷமாக இதே பாடு.

மொத்தமாக வாங்கிக்கொள்பவர் புதுச்சேரிக் கடைக்காரர் சாவியோ. நல்ல மனுஷர். ஆனால் வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மை கேட்பார். "புதுசா ஒண்ணு இல்லன்னா ஜனங்க போன வருஷத்துப் பெட்டியவே பரண்லேருந்து எறக்கிடுவாங்கண்ணே" என்பார். போன வருஷம் பிலோமின்ராஜ் ஒட்டகம் செய்து கொடுத்தார். வாங்கிப் போன ஒரு கன்னியாஸ்திரி மறுநாளே கடைக்கு வந்து, ராஜாக்களோடு நாய் எதற்கு வருகிறது என்று கேட்டாராம். அதிலிருந்து சாவியோ கறாராகச் சொல்லிவிட்டார். இந்தத் தடவை உருப்படியாக ஒரு புதுப் பொம்மை இல்லையென்றால் மொத்த ஆர்டரும் வேறு ஆளுக்கு.

அந்த நாய்ப் பேச்சு பிலோமின்ராஜைக் குத்திவிட்டது. ஊரே அவரைப் பொம்மைக்காரர் என்கிறது. ஒரே ஒரு ஆளாவது சிற்பி என்று சொல்லிவிட மாட்டானா என்று அவருக்கு ஏக்கம். போனில் ஒரு வீடியோ பார்த்தார். அதில் ஜிப்பா போட்ட ஒருவர், பின்னால் புல்லாங்குழல் ஒலிக்க, "கலைஞன் சும்மா இருக்கப் பழக வேண்டும். உள்ளே வெற்றிடம் இருந்தால்தான் படைப்பு பிறக்கும்" என்றார். பிலோமின்ராஜுக்கு மெய் சிலிர்த்தது. இத்தனை நாள் தன்னிடம் இல்லாமல் போனது இதுதான்!

"விமலா, நாளையிலேருந்து நான் யோசிக்கப் போறேன்."

"எவ்ளோ நேரங்க?"

"நேரக் கணக்கு இல்ல. இருபது நாளு."

"அப்ப அச்சுல ஊத்துறது?"

"நீ."

"பிசிறு சுரண்டுறது?"

"நீயும் பாஞ்சாலியும்."

"சூளைக்குக் கொண்டு போறது?"

"ஆட்டோ எதுக்கு இருக்குது?"

"நீங்க?"

"அதான் சொன்னனே. உள்ள ஒரு வெற்றிடம் வேணும் எனக்கு."

"அது உங்களுக்கு ரொம்ப நாளாவே இருக்குதுங்களே."

"கிண்டல் பண்ணாத. இது கலை."

விமலாராணி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சரிங்க" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் எதற்கும் முதல் பேச்சிலேயே சரி சொன்னதில்லை. பிலோமின்ராஜ் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். கலைக்கு இவ்வளவு மரியாதையா என்று நெகிழ்ந்துபோனார்.

மறுநாள் கொட்டகை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இடது தோளில் துண்டு. முட்டிமேல் முழங்கை. உள்ளங்கையில் மோவாய். பார்வை தகரக் கூரையில். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. யோசனை உள்ளே போக வழி வேண்டுமல்லவா?

யோசனைகள் வந்தன. ராஜாக்களை யானைமேல் ஏற்றலாமா? போன வருஷம் நாய் என்றவர்கள் இந்த வருஷம் பன்றி என்பார்கள். பெத்லகேமுக்கு ரயில் விட்டால்? நம்மூர் ஜங்ஷனுக்கே ரயில் நேரத்துக்கு வருவதில்லை, அங்கே எப்போது போய்ச் சேர்வது? இப்படி ஒவ்வொன்றாக வந்து, அவரிடம் விசாரித்துவிட்டு, திரும்பிப் போயிற்று.

விமலாராணியோ ஆளே மாறிவிட்டாள். மூன்றாம் நாள் டீ நாற்காலிக்கே வந்தது.

"எந்திரிக்காதீங்க. யோசனை கலைஞ்சிரும்."

ஐந்தாம் நாள் சவரம் பண்ணக் கிளம்பினார். ஓடி வந்து தடுத்தாள்.

"தாடி இருக்கட்டுங்க. சிற்பின்னா அதாங்க லட்சணம்."

சிற்பி! கட்டின பெண்டாட்டி வாயாலேயே வந்துவிட்டது! பிலோமின்ராஜ் சவரக் கத்தியைத் தூக்கிப் பரணில் போட்டார்.

ஏழாம் நாள் துண்டை வலது தோளுக்கு மாற்றிப் போட்டார். விமலாராணி பேசாமல் வந்து அதை எடுத்து இடது தோளிலேயே போட்டாள்.

"எந்தத் தோளா இருந்தா என்னா?"

"இடதுதாங்க உங்களுக்கு ராசி. தலையக் கொஞ்சம் தூக்குங்க. ம்... வாய மூடிட்டீங்களே. நேத்து மாதிரி தொறந்து வெச்சிக்குங்க."

"வாய எதுக்கு?"

"காத்து போவட்டும்."

எதிரே மணை போட்டு, மடியில் ஈரத்துணி மூடிய எதையோ வைத்துக்கொண்டு அவள் உட்காருவாள். அவரை ஒரு பார்வை பார்ப்பாள். குனிந்து விரலால் எதையோ வழிப்பாள். மறுபடி பார்ப்பாள்.

"என்னா செய்யற?"

"ஆட்டுக்குக் காது ஒட்டுறேங்க."

காது ஒட்டும்போதுகூடக் கண் நம்மேல்தான் என்று பிலோமின்ராஜுக்கு மனசு குளிர்ந்தது. வர்ணம் பூச வருகிற பாஞ்சாலியிடம் சொல்லியே விட்டார். "பாத்தியாம்மா, இத்தினி வருஷத்துல உங்கக்கா என்னை இப்பிடிப் பாத்ததே இல்ல."

பாஞ்சாலிக்கு உடனே இருமல் வந்துவிட்டது. கொட்டகைக்குப் பின்னால் ஓடினாள். அங்கே ரொம்ப நேரம் இருமினாள்.

பதினைந்தாம் நாள் சாவியோ போன் செய்தார். "சனிக்கிழம வண்டியோட வரேண்ணே. புதுசு ரெடிதானே?"

"ஆயிட்டே இருக்குது தம்பி" என்றார் பிலோமின்ராஜ். போனை வைத்தார். உள்ளே பார்த்தால் ஜிப்பாக்காரர் சொன்ன வெற்றிடம் மட்டும்தான் பத்திரமாக இருந்தது. ஆர்டர் போய்விட்டால் கிறிஸ்துமஸ் அவர்களுக்குத்தான் இல்லை.

ஒரு குவியல் மண்ணை அள்ளிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டே நாளில் முழங்கை உயரத்துக்கு ஒரு சம்மனசு, அதான் வானதூதர், எழுந்து நின்றது. அகலச் சிறகு, கையில் எக்காளம். நிஜமாகவே அழகாகத்தான் வந்திருந்தது. விமலாராணி அதை ஒரு விரலால் தட்டிப் பார்த்தாள்.

"என்னாங்க, இது உள்ள..."

"பேசாத!" பிலோமின்ராஜ் கையைத் தூக்கினார். "படைப்பாளிகிட்ட குறுக்க பேசக் கூடாது."

"சரிங்க" என்றாள் இரண்டாம் முறையாக. அவரே ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு சூளைக்குப் போனார்.

சனிக்கிழமை காலையில் சூளை பார்க்கும் மாணிக்கவேல் ஒரு முறத்தோடு வந்தான். முறத்தில் ஒரு சிறகும் அரை எக்காளமும் இருந்தன.

"உள்ள கொடையாம அப்பிடியே மண்ணக் கெட்டியா வெச்சா செஞ்சீங்க? ஈரங்கூடக் காயலையே. பட்டாசு மாதிரி வெடிச்சிச்சு. சம்மனசு வந்த எடத்துக்கே போயிட்டாருண்ணே."

உள்ளே வெற்றிடம் இல்லாத மண் சூளையில் வெடிக்கும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் தெரியும். இருபத்திரண்டு வருஷம் பொம்மை சுட்டவருக்கு, கலைஞனான வேகத்தில் மறந்துவிட்டது. வெற்றிடத்தையெல்லாம் தனக்கே வைத்துக்கொண்டுவிட்டார். அவருக்கு அழுகையே வந்தது. அதே நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்து சாவியோவின் வண்டி வந்து நின்றது.

"எங்கண்ணே புதுசு?"

பிலோமின்ராஜ் முறத்தைப் பார்த்தார். "அது வந்து... தம்பி..."

"தோ எடுத்தாரேங்க" என்று விமலாராணி உள்ளே போனாள். பழைய பேப்பரில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து சாவியோ கையில் வைத்தாள்.

சாவியோ பேப்பரைப் பிரித்தார். ஒரு ஜாண் உயரத்தில் ஒரு மேய்ப்பன். கல்லின்மேல் உட்கார்ந்திருந்தான். இடது தோளில் துண்டு. மோவாயைக் கையில் தாங்கி, வாயைப் பிளந்து, வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு வாரத் தாடி. பின்னால் ஓர் ஆடு அவனுடைய சாப்பாட்டு மூட்டையைத் தின்றுகொண்டிருந்தது. அதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

சாவியோ முதலில் புன்னகைத்தார். அப்புறம் சிரித்தார். அப்புறம் வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடேயப்பா! சம்மனசு வந்து பாடினது மத்த மேய்ப்பருங்க எல்லாருக்கும் கேட்டுச்சு, இந்த ஆளுக்கு மட்டும் கேக்கல போலிருக்குது! குடிலப் பாக்க வர்றவங்க எல்லாம் இவனத்தான் பாப்பாங்க. எத்தினி இருக்குது?"

"நாப்பது இருக்குதுங்க. அச்சு இருக்குது, எத்தினி வேணுமோ ஊத்திக்கலாம்."

"நானூறு குடுங்க. மொத்த ஆர்டரும் உங்களுக்குத்தான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியோ நாற்காலி பக்கம் திரும்பினார். "அண்ணே, மன்னிச்சிருங்க. ஒட்டகத்த வெச்சி உங்கள தப்பா நெனச்சிட்டேன். இதச் செஞ்ச சிற்பி நீங்கதானே?"

காத்திருந்த வார்த்தை ஒருவழியாக வந்தேவிட்டது. பிலோமின்ராஜ் விமலாராணியைப் பார்த்தார். பாஞ்சாலியைப் பார்த்தார். துண்டைச் சரிசெய்தார். தொண்டையைக் கனைத்தார்.

விமலாராணி முந்திக்கொண்டாள்.

"செஞ்சது நானுங்க. அசையாம பாடுபட்டது அவரு."