குளிர்காலத்தை ரத்து செய்த நாவல்

ஒரு காட்டில், அதுவும் பிரிட்டன் என்னும் தீவில் ஆண்டு முழுக்க மழை தூறும் ஒரு காட்டில், டிக்பி என்றொரு அணில் இருந்தது. அதன் தொழில் பிறரைச் சிரிக்க வைப்பது. கைவசம் இருந்தது ஒரே ஒரு வித்தை. கிளையிலிருந்து தவறி விழுவதுபோல் விழுந்து, கீழே நிற்கும் மேபல் என்ற முள்ளெலியின் முதுகில் உட்காரும். உடனே "ஐயோ!" என்று அலறிக்கொண்டு துள்ளும். அவ்வளவுதான். முயல்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். நாகரிகம் தெரிந்த மான்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கும்.

ஆனால் டிக்பிக்கு உள்ளூர ஓர் ஏக்கம். தன்னை நாலு பேர் அறிவாளி என்று சொல்ல வேண்டும். அந்தக் காட்டில் அறிவாளி ஆக இரண்டு வழிகள் இருந்தன: ஆந்தையாகப் பிறப்பது, இல்லாவிட்டால் நாவல் எழுதுவது. முதல் வழிக்குக் காலம் கடந்துவிட்டதால் டிக்பி நாவல் எழுதியது.

விஷயத்துக்குப் பஞ்சமில்லை. அங்கே இலைகளைவிடப் பிரதமர்கள் வேகமாக உதிர்ந்துகொண்டிருந்தார்கள். அப்போது பதவியில் இருந்தவர் மார்ட்டிமர் என்ற நரி. (பதவியில் இருப்பதால் 'அவர்' என்போம்.) டிக்பியின் நாவலில் தோற்கப் போகும் ஒரு பிரதமர், "எனக்கு ஓட்டுப் போட்டால் குளிர்காலத்தையே ரத்து செய்கிறேன்" என்று வாக்குக் கொடுக்கிறார். மக்கள் போடுகிறார்கள். குளிர்காலம் சட்டப்படி ஒழிகிறது. பிறகு பனி கொட்டுகிறது. நடுங்குகிறவர்கள் தேசத்துரோகிகள் ஆகிறார்கள்.

நாவலுக்கு 'குளிர்காலம் இனி இல்லை' என்று பெயர். புத்தகக் கடை வைத்திருந்த அகழெலிக்குக் கண் சரியாகத் தெரியாது. தலைப்பைத் தடவிப் பார்த்துவிட்டுத் தோட்டக்கலைப் புத்தகங்களுக்கு நடுவில் செருகிவிட்டது. யாரும் வாங்கவில்லை. மேபல் மட்டும் படித்தது.

"நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா நீ என் மேல வந்து உட்கார்ற இடம் வரவே இல்லையே?" என்றது.

"இது அரசியல் நையாண்டி, மேபல்!"

"இருக்கட்டும். நடுவுல ஒரு தடவை உட்கார்ந்திருக்கலாம்."

டிக்பிக்கு அழுகையே வந்துவிட்டது. மேபலுக்கு இளகிய மனசு. "இதுக்குப் போய் அழுவாங்களா? அரசாங்கத்தை விட்டுத் தடை பண்ணச் சொல்லு. தடை பண்ணின புத்தகம் விக்காம இருந்ததா சரித்திரமே கிடையாது" என்று யோசனை சொன்னது.

டிக்பி நேராகப் பிரதமரின் வளைக்குப் போனது. வாசலில் நீண்ட வரிசை. எதற்கு நிற்கிறோம் என்று வரிசையில் யாருக்கும் தெரியவில்லை. வரிசை இருந்ததால் நின்றார்கள். டிக்பியும் நின்று, கடைசியில் உள்ளே போய், நாவலை மேஜைமேல் வைத்தது.

"ஐயா, இதுல உங்களைக் கேவலமா எழுதியிருக்கேன். தயவுபண்ணி தடை பண்ணணும்."

மார்ட்டிமர் முகம் சுளிக்கவில்லை. "தடையா? நாம நாகரிகமான காடு. நம்மைத் திட்டறவங்களுக்கு நாம டீ கொடுப்போம். சர்க்கரை எத்தனை?" என்றார்.

டீ நன்றாகத்தான் இருந்தது. நாவலை வைத்துவிட்டு டிக்பி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பியது.

சில நாள் கழித்துத் தேர்தல் கூட்டம். மார்ட்டிமர் பாறைமேல் ஏறி நின்று முழங்கினார். "அன்பர்களே! நமக்குக் குளிர்காலம் வேண்டும் என்று யாரைக் கேட்டு முடிவு செய்தார்கள்? என்னைத் தேர்ந்தெடுங்கள். குளிர்காலத்தை ரத்து செய்கிறேன்!"

கைதட்டலில் காடு அதிர்ந்தது. எதிர்க்கட்சித் தலைவியான வாத்து அம்மையார் ஆவேசமாக எழுந்தார். "இது பொறுப்பற்ற பேச்சு! நாங்கள் ஆட்சிக்கு வந்தால் குளிர்காலத்தைப் படிப்படியாகத்தான் ஒழிப்போம்!"

டிக்பி பிரதமரிடம் ஓடியது. "ஐயா, அது நையாண்டி!"

"அதான் கச்சிதமா இருக்கு. என் ஆலோசகர்கள் எழுதித் தர்ற அறிக்கையில கதையே இருக்காது."

"கடைசி அத்தியாயம் படிச்சீங்களா? எல்லாரும் விறைச்சுச் செத்துப் போவாங்க!"

"பாதிப் புத்தகத்திலேயே நான் ஜெயிச்சுட்டேன். அதுக்கு மேல எதுக்குப் படிக்கணும்?" என்றார் மார்ட்டிமர்.

அப்படியே ஜெயித்தார். முதல் சட்டத்தில் குளிர்காலம் ரத்தானது. இல்லாத குளிர்காலத்துக்குக் காப்பகம் எதற்கு என்று, முள்ளெலிகள் பனிக்காலம் முழுவதும் தூங்கும் பெரிய மரப்பொந்தை இரண்டாவது சட்டத்தில் மூடிவிட்டார்கள். பிறகு பனி கொட்டியது. அதற்கு 'வெள்ளை வசந்தம்' என்று அரசு பெயர் வைத்தது. முயல்கள் பல் கிடுகிடுக்க, "இந்த வருஷம் வசந்தம் ரொம்ப அருமை" என்று பேசிக்கொண்டன.

மேபல் மூடிய பொந்தின் வாசலில் சுருண்டு கிடந்தது. முள்ளின் நுனியெல்லாம் பனி. டிக்பி தன் வாலை எடுத்துப் போர்த்திப் பார்த்தது. அணில் வால் எவ்வளவுக்குப் போதும்?

"டிக்பி, உன் நாவல்ல முள்ளெலிங்களுக்கு என்ன ஆகும்?" என்று மேபல் கேட்டது.

டிக்பி வாலை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போர்த்தியது.

"படிச்சவதான் நான். ஒருவேளை மறந்திருப்பேனோன்னு கேட்டேன்" என்று கண்ணை மூடிக்கொண்டது மேபல்.

டிக்பி குதித்து எழுந்தது. நாவலும் வேண்டாம், பேரும் வேண்டாம், பிரதமர் மூஞ்சியில் காறித் துப்பிவிட்டு ஜெயிலுக்குப் போகலாம் என்று கிளம்பியது. பிரதமரின் வளைக்குள் நுழைந்து வாயைத் திறப்பதற்குள் மார்ட்டிமர் அதன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாங்க, வாங்க! இலக்கியத்துக்கு நீங்க செஞ்ச சேவைக்காக உங்களை மூத்தோர் சபை உறுப்பினராக்கியிருக்கோம். சிவப்பு அங்கி உண்டு. வேலை கிடையாது. ஆயுசுக்கும் தூங்கலாம்."

டிக்பி வாயில் சேர்த்து வைத்திருந்ததை விழுங்கியது. "அங்கே கணப்பு இருக்கா?"

"எப்பவும் எரியும். குளிருக்காக இல்ல. பாரம்பரியம்."

"ஏத்துக்கிறேன்" என்றார் டிக்பி. (இனி நாமும் மரியாதையாகவே சொல்வோம்.)

மறுநாள் அவர் சிவப்பு அங்கியோடு சபைக்கு வந்தபோது வாயிற்காவல் நாய் மறித்தது. "ஐயா, தலையில என்ன?"

"தொப்பி."

"மூச்சு விடுதே?"

"விலை உயர்ந்த தொப்பி."

கணப்பின் சூட்டில் மேபல் அசந்து தூங்கியது. பக்கத்து இருக்கையில் இருந்த கிழ அன்னம் பொறாமையோடு பார்த்தது. "எங்கே வாங்கினீங்க? எனக்கும் ஒண்ணு வேணுமே."

டிக்பிக்குப் பொறி தட்டியது. அன்று மாலையே அன்னத்துக்கு ஒரு தொப்பி வந்தது. அதைப் பார்த்துக் கிழ மான் கேட்டது. மானைப் பார்த்து மற்றவர்கள் கேட்டார்கள். கொஞ்ச நாளில் மூத்தோர் சபையில் முள்தொப்பி இல்லாத தலையே இல்லை. காட்டின் முள்ளெலிகள் எல்லாம் பெரிய மனிதர்களின் தலைமேல் குறட்டை விட்டன. குறட்டை யாருடையது என்று சபையில் யாரும் சந்தேகப்படவில்லை. வெளியே பனிப்புயல் அடித்த ஒரு பிற்பகலில், குளிர்காலம் ஒழிந்ததைப் பாராட்டி ஒருமனதாகத் தீர்மானமும் நிறைவேற்றினார்கள். டிக்பியும் கை தூக்கினார். தூக்காவிட்டால் தொப்பியோடு வெளியே போக வேண்டியிருக்கும்.

நிஜமான வசந்தம் வந்தது. முள்ளெலிகள் கண் விழித்து, கீழே இருந்த தலைகளைக் கண்டு திடுக்கிட்டு இறங்கி ஓடின. மார்ட்டிமர் மறுபடியும் பாறைமேல் ஏறினார்.

"ஒரு முள்ளெலியாவது செத்ததா? சொல்லுங்கள்! அப்படியானால் குளிர்காலம் எங்கே வந்தது?"

கூட்டம் ஆர்ப்பரித்தது. அடுத்த தேர்தலிலும் அவருக்கே வெற்றி என்று அங்கேயே உறுதியாகிவிட்டது. கீழே இறங்கிய மார்ட்டிமர், டிக்பியின் தோளில் கை போட்டார்.

"அடுத்த நாவல் எதைப் பத்தி?"

"சமையல் புத்தகம் எழுதலாம்னு இருக்கேன்" என்றார் டிக்பி, ஜாக்கிரதையாக.

"அருமை! அதுல பசியை ரத்து பண்ண வழி ஏதாவது வருமா?" என்று கேட்டார் மார்ட்டிமர்.

நீதி: யாரும் படிக்காத நாவலால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆகவே எழுத்தாளர்களே, வாசகர் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவராவது கிடைத்தே தீருவார் என்றால், அவர் மந்திரியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.