எம்பத்தஞ்சு நின்ற தேர்தல்

ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி நான்கு நிமிடம். செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி மலைக்கு அப்போதுதான் டிக்கெட் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். முதலில் கண்ணில் பட்டது ஒரு வெள்ளைத் தாடி. ஆள் அதற்குப் பின்னால் வந்தார்.

வயதைக் குறைத்துச் சொல்கிறவர்களுக்கு உலகத்தில் பஞ்சமே இல்லை. கூட்டிச் சொல்லிப் பேர் வாங்கிய ஒரே மனிதர் அந்தத் தாடிக்காரர்தான். செஞ்சிப் பக்கம் அவரை ‘எம்பத்தஞ்சு’ என்றால்தான் தெரியும். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவரும் நானும் பள்ளியில் ஒரே பெஞ்சு. நான் அவரைவிட இரண்டு மாதம் மூத்தவன். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவருக்கும் அறுபத்தைந்து. டிராக்டர் மெக்கானிக் ஷெட்டை அவர் மகனிடம் விட்டிருந்தார். நான் ஒரு நாளிதழுக்குத் தாலுகா நிருபர். நடக்கச் சொல்லி டாக்டர் மிரட்டியதால் இருவரும் வாராவாரம் மலை ஏறினோம். என் தலைக்கு மை அடித்திருந்தேன். அவர் தாடியைக் கடவுள் கொடுத்த வெள்ளையிலேயே விட்டிருந்தார். எல்லா வினையும் அந்தத் தாடியில்தான் ஆரம்பம்.

பாதி மலையில் சென்னைப் பெண் ஒருத்தி படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

“தாத்தா, எப்டி இவ்ளோ ஈஸியா ஏறுறீங்க? உங்களுக்கு என்ன வயசு?”

அவர் ஒரு விநாடி என்னைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். “எழுவத்தஞ்சு, கண்ணு.”

மறுப்பதற்கு வாயைத் திறந்தேன். மூச்சுதான் வந்தது. அதற்குள் அந்தப் பெண்ணின் கூட்டம் முழுக்கத் திரண்டுவிட்டது. ஒருவன் அவர் காலைத் தொட்டான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: “அங்கிள், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? தாத்தாவ போட்டோ எடுக்கணும்.”

அதே மலை. அதே படி. அவரைவிட இரண்டு மாதம் கூடுதலான முழங்கால்களோடு நான் ஓரமாய் நின்றேன். பக்கத்தில் ஒரு குரங்கு நின்றது. குரங்கையும் இரண்டு பேர் போட்டோ எடுத்தார்கள்.

அடுத்த வாரம் அவருக்கு எழுபத்தெட்டு. பொங்கல் கழிந்ததும் எண்பது. ஊரில் மற்றவர்களுக்கு வருடத்துக்கு ஒரு வயது ஏறும். அவருக்குப் பெட்ரோல் விலை மாதிரி ஏறியது. வயது ஏற ஏற அதற்குத் தக்கபடி நினைவுகளும் பின்னால் போயின. வெள்ளைக்காரத் துரை கோட்டையைச் சுற்றிப் பார்க்க வந்தபோது நீர்மோர் கொடுத்ததே இவர்தான் என்று ஒருநாள் மேலே, உச்சிக்குப் போகும் பாலத்தருகில் சொல்லிக்கொண்டிருந்தார்.

“டேய், தொர போயி பத்து வருசம் கழிச்சிதான்டா நாம பொறந்தோம்” என்று காதில் சொன்னேன்.

“சும்மா இர்ரா. மோரு குடுத்தது எனக்கு நல்லா நாவகம் இருக்குது.”

எண்பத்தைந்தில் வந்து நிறுத்திக்கொண்டார். அதற்கு மேல் போனால் படுக்கையில் போட்டுவிடுவார்கள் என்ற கணக்கு.

என் செய்தி ஆசிரியர் போன் செய்தார். “உங்க ஊர்ல எண்பத்தஞ்சு வயசுப் பெரியவர் வாராவாரம் மலை ஏறுறாராமே, ஒரு ஸ்டோரி குடுங்க.” தகவலை உறுதி செய்ய முடியவில்லை என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் போட்டிப் பத்திரிகையில் நாலு பத்திச் செய்தி வந்தது, தாடியோடு. அதை என் மனைவி சத்தமாக வாசித்தாள்.

“பாருங்க, எம்பத்தஞ்சுல மலை ஏறுறாரு. நீங்க சிலிண்டர நவுத்த மாட்டேன்றீங்க.”

“அவன் என் கிளாஸ்மேட்டுடி!”

பேப்பரை மடித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அப்ப உங்களுக்கும் எம்பத்தஞ்சா? பொண்ணு பாக்க வந்தப்போ எங்க நைனா கிட்ட பொய்யா சொன்னீங்க?”

அதற்குப் பிறகு நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் பொறாமை என்பார்கள். பொறாமைதான்.

மூன்று வருடம் இப்படிப் போனது. எங்கள் ஊராட்சிக்குத் தேர்தல் வந்தது. ஏரி வாய்க்கால் தூர்ந்து, கடைமடைக் கழனிகளுக்குத் தண்ணீர் போகாமல் கிடந்தது. அதைத் தூர் வார வேண்டுமென்று மனு கொடுத்து அலுத்துப்போன எம்பத்தஞ்சு, நானே பிரசிடெண்டு ஆகிவிடுகிறேன் என்று வேட்புமனு போட்டுவிட்டார். எதிர்த்து நின்றவர் ஜேசிபி வைத்திருந்த முப்பது வயதுப் பையன். அவனுடைய ஆட்டோ மைக் காலையிலேயே கத்த ஆரம்பித்தது: “எம்பத்தஞ்சு வயசுல பிரசிடெண்டு பதவியா? பெரியவருக்கு ஓய்வு குடுங்க, இளைஞருக்கு ஓட்டு குடுங்க!”

டீக்கடை இரண்டாகப் பிரிந்தது. அந்த நேரம் பார்த்து டிவியில் எங்கோ ஒரு பெரிய நாட்டின் அதிபர் தேர்தலைக் காட்டினார்கள். அங்கேயும் வயதுதான் சண்டை.

“அம்மாம் பெரிய நாட்டுக்கே கெழவரு நிக்கிறாரு. நம்ப ஊருக்கு நிக்கக்கூடாதா?” என்றார் டீ மாஸ்டர்.

“அவுருக்கு ஏரோப்ளேன் இருக்குது. நம்பாளு ராத்திரி பைப்பு ஒடைஞ்சா எழுந்து வருவாரா?” என்றார் பால்காரர்.

“மலை ஏறுறவரு பைப்புக்கு வரமாட்டாரா?”

“ஏறுறாரு சரி. அஞ்சு வருசம் இருப்பாரா?”

வாக்காளர் பட்டியலில் அவருக்கு அறுபத்தெட்டு என்றுதான் இருந்தது. அதை யாரும் நம்பவில்லை. எங்கள் ஊரில் பட்டியலில் எவர் வயதுதான் சரியாக இருந்திருக்கிறது?

அன்று மாலை ஷெட்டுக்குப் போனேன். “உண்மையச் சொல்லிட்ரா. அறுபத்தெட்டுன்னா ஓட்டு வுழும், வாய்க்காலும் வரும்” என்றேன். இந்த யோசனையில் நட்பு பாதி. மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். நெடுநேரம் தாடியைத் தடவினார்.

“வாய்க்கா வேணுன்டா. ஆனா அறுபத்தெட்டுன்னா எவன்டா என்ன போட்டோ எடுப்பான்?”

பிரச்சாரத்தின் கடைசி மாலை, மாரியம்மன் கோயில் திடலில் கூட்டம். அவருடைய அக்கா, வாக்கப்பட்ட ஊரான சீயமங்கலத்திலிருந்து மருமகளோடு வேன் பிடித்துத் தம்பிக்கு ஓட்டுக் கேட்க வந்திருந்தார். முன்வரிசையில் பட்டுச்சேலை, நாற்காலி. எம்பத்தஞ்சு மைக்கைப் பிடித்தார்.

“எம்பத்தஞ்சு வயசுல ராஜகிரி ஏறுறவன், ஏரி வாய்க்கா தூர் வார மாட்டனா?”

விசில் பறந்தது. அந்த விசிலிலும் ஒரு குரல் தனியாகக் கேட்டது.

“டேய், நிறுத்துடா!”

அக்கா எழுந்து நின்றார். “நீ எம்பத்தஞ்சுன்னா நான் இன்னாடா? உன்னவிட மூணு வருசம் மூத்தவ நான். எனக்கு எம்பத்தெட்டா? எம் மருமவ பக்கத்துல குந்திங்கிறா, அவகிட்ட நாளைக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்? எனக்கு எழுவத்தொண்ணுதான்டா! மார்கழி வந்தாதான் எழுவத்திரெண்டு!”

மருமகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எம்பத்தஞ்சு மைக்கை விடவில்லை.

“அக்கா, நீ சின்னவளாவே இரு. யாரு வாணாங்கிறா? நான் கொஞ்சம் முன்னாடி போயிட்டேன், அவ்ளோதான்.”

ஜேசிபி பையன் ஆட்டோவிலேயே விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன், எனக்கு நல்ல இருக்கை கிடைத்திருந்தது.

மறுநாள் டீக்கடையில் புதிய விசாரணை. “எம்பத்தஞ்சுன்னுதான் கடைசியா ஒரு தபா ஜெயிக்கட்டுமேன்னு நெனச்சேன்” என்றார் டீ மாஸ்டர். “அறுபத்தெட்டுல மலை ஏறுறது இன்னா பெரிசு? எம் மாமனாரே ஏறுவாரு.” பால்காரர் தன் கட்சியை விட்டு நகரவில்லை: “அறுபத்தெட்டும் வயசுதானே?” ஒரே இரவில் அவர் அதிசயமாக இருப்பதற்குச் சின்னவராகவும் பிரசிடெண்டாக இருப்பதற்குக் கிழவராகவும் ஆகிப்போனார். சொற்ப ஓட்டில் தோற்றார்.

அந்த ஒரு நாள் எனக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

அதற்கடுத்த ஞாயிறு அவர் மலைக்கு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. தனியாக ஏறினேன். யாரும் யாரிடமும் வயது கேட்கவில்லை. வெறும் மலையாக இருந்தது. தலைக்கு மை அடிப்பதையும் ஏனோ விட்டுவிட்டேன்.

மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிறு, டிக்கெட் கொடுக்கும் இடத்தில் அந்தத் தாடி நின்றிருந்தது. ஜேசிபி பையன் வாய்க்காலில் இறங்கிவிட்டானா என்று பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார்.

“எறங்கிட்டானா?”

“எறங்கிட்டான். வளைவுல தப்பா வெட்னான். திட்டிட்டு வந்தேன்.”

பாலத்தருகில் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று எங்களைச் சூழ்ந்துகொண்டது. “தாத்தா, உங்களுக்கு எத்தன வயசு?” என்று ஒருவன் அவரிடம் கேட்டான். நான் வழக்கம்போல் ஓரமாய் ஒதுங்கினேன்.

“என்ன வுடுப்பா, நான் பொடியன். அதோ ஒதுங்குறாரு பாரு, நிருபரு. அவுரு என்னவிட மூத்தவரு. எம்பத்தேழு.”

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. ஒரு பெண் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். இரண்டு பையன்கள் போட்டோவுக்குத் தோளுக்கு ஒருவராக நின்றார்கள். மறுப்பதற்கு வாயைத் திறந்தேன். மூச்சுதான் வந்தது.

அந்தப் படம் என் போனில் இருக்கிறது. அதில் அவர் இல்லை. இடது மூலையில் அவருடைய கட்டைவிரல் விழுந்திருக்கிறது.